விறகடுப்பும் கேஸ் அடுப்பும்

ஒரு அம்மா விறகடுப்பின் முன்னால் குந்தியிருந்து ஊதுகுழலால் ஊதிக்கொண்டிருக்கிறார். ஓட்டுச் சாய்ப்பின் இடுக்கு வழியாக இறங்கும் வெளிச்சம் புகையில் பட்டுக் கோடாகத் தெரிகிறது. பதினோராம் வகுப்பு படிக்கும் ஒரு பெண் எடுத்த படம். கருப்பு வெள்ளையில் பெரிதாக அச்சடித்து, கண்காட்சி வாசலுக்கு நேர் எதிரே மாட்டினோம். வந்தவர்கள் எல்லாரும் அதன் முன்னால்தான் அதிக நேரம் நின்றார்கள். ஒருவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, "இந்த வயசுல என்ன ஒரு பார்வை!" என்றார். எனக்கும் பெருமைதான். சொல்லிக்கொடுத்தது நான் அல்லவா.

மூன்றாவது நாள் அந்தப் பெண்ணிடம் சும்மா பேச்சு வாக்கில் கேட்டேன். "வீட்ல இன்னும் வெறகடுப்புதானா?"

"இல்ல சார், கேஸ்தான். அது குளிக்க வெந்நீர் போடுற அடுப்பு, பின்னாடி கெடக்கும். மழ வந்தா அதுவும் கெடையாது. அம்மாவ உக்கார வச்சு எடுத்தேன்."

"கேஸ் அடுப்புல சமைக்கிறத எடுத்திருக்கலாம்ல?"

கொஞ்ச நேரம் என்னையே பார்த்தாள். "நீங்க காட்டுன படத்துல எல்லாம் வெறகடுப்புதான சார் இருந்துச்சு."

அந்த ஒரு வாக்கியத்துக்குப் பதில் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

2022 கடைசியில், தென்மாவட்டச் சிறுநகரம் ஒன்றில், அரசுப் பள்ளி மாணவர்களுக்கு நடத்திய புகைப்படப் பயிலரங்கு அது. பத்து சனிக்கிழமைகள். நாலு பழைய டிஜிட்டல் கேமராக்களை மாற்றி மாற்றிக் கொடுத்தோம். மீதியை வீட்டு மொபைலில் எடுத்தார்கள். 'இன்றைய பதின்பருவத்தின் அன்றாடத்தை அவர்களே ஆவணப்படுத்துகிறார்கள்' என்று அழைப்பிதழில் போட்டிருந்தோம். இன்று படித்தால் கூசுகிறது. அவர்கள் ஆவணப்படுத்தியது என் ரசனையை. நான் முதல் சனிக்கிழமை திரையில் போட்டுக் காட்டிய படங்களை அவர்கள் பத்தாவது சனிக்கிழமைக்குள் எனக்குத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். பள்ளிக்கூடத்தில் வேறு எதைத்தான் பழக்கியிருக்கிறோம்? நோட்ஸ் கொடுத்தால் நோட்ஸை எழுதுவார்கள்.

தமிழ்நாட்டில் பதின்வயதுப் பிள்ளைகள் என்றால் நம் கையில் மொத்தமே அஞ்சாறு படங்கள்தான் இருக்கின்றன. காலைப் பனியில், வயல் நடுவே, அரசாங்க சைக்கிளில் இரட்டைச் சடையும் ரிப்பனுமாகப் போகும் பெண். கிணற்றில் குதிக்கும் பையன். பஸ் படிக்கட்டில் தொங்கும் கும்பல். ரிசல்ட் நாளன்று ஒருவரையொருவர் கட்டிப்பிடித்துக் குதிக்கும் மாணவிகள் (மாணவர்கள் ஏனோ அன்றைக்குப் படத்தில் வருவதில்லை). புகைப்படப் போட்டிகளிலும், நாளிதழ்களிலும், நம் இலக்கியப் பத்திரிகைகளின் அட்டைகளிலும் இவைதான் சுற்றிச் சுற்றி வருகின்றன. அந்தக் கிணற்றுப் பையன் இருபது வருஷமாக அந்தரத்தில் தொங்குகிறான். ஒரு படத்திலாவது அவன் தண்ணீரைத் தொடட்டும், தொட்ட பிறகு கரையேறி என்ன செய்கிறான் என்று பார்ப்போம் என்று எவருக்கும் தோன்றவில்லை. அந்த இரட்டைச் சடைப் பெண் சைக்கிளை எங்கே நிறுத்தினாள்? ஃபேன்சி ஸ்டோர் வாசலிலா, செராக்ஸ் கடையிலா, அண்ணன் பார்க்காத சந்திலா? அங்கே நம் கேமரா போகவில்லை.

சமீபமாக இதில் ஒரு படம் கூடியிருக்கிறது. இருட்டு அறை, குனிந்த தலை, முகத்தில் மொபைலின் நீல வெளிச்சம். கீழே 'அடிமையாகும் இளைய தலைமுறை' என்று ஒரு தலைப்பு. சைக்கிள் படம் நம் தொலைந்துபோன பால்யத்துக்கு, மொபைல் படம் நம் பயத்துக்கு. இரண்டிலும் இருப்பது நாம்தான். அந்தப் பிள்ளை அதில் வெறும் ஆள்.

பயிலரங்கின் முடிவில் ஹார்ட் டிஸ்கில் ஆயிரத்துக்கு மேல் படங்கள் இருந்தன. அதிலிருந்து நாற்பதைத் தேர்ந்தெடுத்தோம். 'தோம்' என்றால் நான், இன்னொரு புகைப்படக்காரர், ஏற்பாட்டாளர் ஒருவர். மூன்று பேருமே முப்பதைத் தாண்டியவர்கள். அந்த அறையில் ஒரு மாணவர்கூட இல்லை. இருக்க வேண்டும் என்று யாருக்கும் உறைக்கவும் இல்லை. கேமராவை அவர்கள் கையில் கொடுத்துவிட்டோம், அத்தோடு ஜனநாயகம் முடிந்தது என்று நினைத்தோம். பட்டனை அழுத்துகிற விரலுக்கு என்ன அதிகாரம் இருக்கிறது? எது படம், எது குப்பை என்று சொல்கிற வாய்க்குத்தான் அதிகாரம்.

குப்பை என்று ஒதுக்கியவற்றைச் சொல்கிறேன். ஒரு பையன் தன் நண்பனின் தலையை முன்னால், பின்னால், இடது, வலது என்று நாலு பக்கமும் எடுத்திருந்தான். முடிவெட்டுகிற அண்ணனிடம் காட்டி 'இதே மாதிரி' என்று சொல்வதற்கு. ஒரு பெண் தன் கன்னத்துப் பரு ஒன்றைத் தினமும் எடுத்திருந்தாள், பதினோரு நாள், அது வந்து பெருத்துப் பழுத்து அடங்கும் வரை. ஒரே இயர்போனைப் பங்குபோட்ட இரண்டு காதுகள், நடுவில் தொங்கும் ஒயர். புதுச் செருப்பு போட்ட சொந்தக் கால். ராத்திரி பரோட்டாக் கடையில் ஒரே தட்டுக்கு நீளும் நாலு கைகள், எல்லாம் ஆடிப்போய்க் கலங்கலாக. தாழ்ப்பாள் இல்லாத கழிப்பறைக் கதவு. தாழ்ப்பாள் இருக்க வேண்டிய ஓட்டையில் துப்பட்டாவைக் கோத்து, உள்ளிருந்து ஒருத்தி இழுத்துப் பிடித்திருக்கிறாள். பிறகு செல்ஃபிகள், நூற்றுக்கணக்கில். கன்னத்தில் பூனை மீசை முளைத்த செல்ஃபி, கண் பெரிதாகித் தோல் வெளுத்த செல்ஃபி, லிஃப்ட் கண்ணாடி கிடைக்காததால் நகைக்கடைக் கண்ணாடிக் கதவில் எடுத்த செல்ஃபி.

'ஃபோகஸ் இல்ல.' 'இது வெறும் செல்ஃபி.' 'ஒரே படம் திரும்பத் திரும்ப வருது.' 'இதுல கதை இல்ல.' நாங்கள் சொன்ன காரணங்கள் இவை. கடைசிக் காரணத்தைச் சொன்னது நான்தான். பதினோரு நாள் பருவில் கதை இல்லையாம்! பதினாறு வயதில் கண்ணாடி முன்னால் நின்ற ஞாபகம் இருக்கிற எவரும் அப்படிச் சொல்ல மாட்டார்கள். எனக்கு அது மறந்துபோயிருந்தது.

ஃபில்டர் போட்டால் அது பொய், ஆவணமாகாது என்பார்கள் சிலர். தமிழ்நாட்டின் பழைய ஸ்டுடியோப் படங்களை எடுத்துப் பாருங்கள். புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்தவர்கள், பிரிட்டிஷ் நூலகத்தின் அழியும் ஆவணங்களுக்கான திட்டத்தின் உதவியோடு, இப்படிப்பட்ட படங்களை ஊர் ஊராகத் தேடி மின்வடிவில் சேர்த்தார்கள். அந்தக் காலத்து ஸ்டுடியோப் படங்களில் பின்னால் தொங்குவது வர்ணம் தீட்டிய திரை: மாளிகைத் தூண், படிக்கட்டு, ஏரி. கையில் இருக்கும் புத்தகம், மேசை மேல் இருக்கும் ரேடியோ, மணிக்கட்டில் கட்டியிருக்கும் வாட்ச் எல்லாம் ஸ்டுடியோக்காரருடையதாகவே இருக்கும். நம் தாத்தா பாட்டிகள் அப்படித்தான் தங்களைப் பார்க்க விரும்பினார்கள். அதைப் பொய் என்று நாம் சொல்வதில்லை. அந்தக் காலத்தின் ஆசை என்கிறோம், ஆய்வுக் கட்டுரை எழுதுகிறோம். பூனை மீசைக்கு மட்டும் ஏன் இந்தக் கோபம்? தோலை வெளுக்க வைக்கிற ஃபில்டரை இந்தப் பிள்ளைகள் ஏன் இவ்வளவு பேர் போடுகிறார்கள் என்பது எவ்வளவு பெரிய கேள்வி! அந்தப் படத்தைத் தூக்கி எறிந்துவிட்டால் கேள்வியும் போய்விடும்.

கௌரி கில் இதை எனக்கு முன்பே யோசித்திருந்தார். ராஜஸ்தானில் லூண்கரண்சர் என்ற ஊரில் 2003இல் நடந்த பெண்பிள்ளைகளுக்கான மேளாவில், ஒரு கூடாரத்தில் திரை கட்டிச் சின்ன ஸ்டுடியோ போட்டார். விருப்பப்பட்டவர்கள் வந்தார்கள். யாரோடு நிற்பது, எப்படி நிற்பது, கையில் எதை வைத்துக்கொள்வது என்று அவர்களே முடிவு செய்தார்கள். 'பாலிகா மேளா' என்று அது புத்தகமாகவும் வந்தது. அதில் ஒரு பெண்ணும் பானை சுமந்துகொண்டு மணலில் நடந்து போகவில்லை. நேராகக் கேமராவைப் பார்க்கிறார்கள். சிலருடைய பார்வையைத் தாங்குவது கஷ்டமாக இருக்கிறது.

அமெரிக்காவில் ஜோசஃப் சாபோ என்று ஒரு பள்ளி ஆசிரியர் இருந்தார். லாங் ஐலண்டில் ஒரு உயர்நிலைப் பள்ளியில் 1970களிலிருந்து கலை, புகைப்பட வகுப்பெடுத்தவர். மாணவர்கள் பாடத்தைக் கவனிக்கவில்லை என்று அவர்களையே படமெடுக்க ஆரம்பித்தார். 1978இல் 'ஆல்மோஸ்ட் க்ரோன்' புத்தகம் வந்தது. அதன் பிறகும் அதே பள்ளியில் இருபது வருஷத்துக்கு மேல் இருந்தார். அவர் படங்களில் பிள்ளைகள் முத்தமிடுகிறார்கள், சிகரெட் பிடிக்கிறார்கள், ஒன்றும் செய்யாமல் சும்மா சாய்ந்து நிற்கிறார்கள். இங்கே ஒரு வாத்தியார் அப்படி எடுத்தால் மறுநாள் மாற்றல் உத்தரவு வரும், அதற்கு மறுநாள் போலீஸ் வரும். வரவும் வேண்டும் என்றுதான் சில நாட்களில் எனக்கே தோன்றுகிறது. சாபோவைப் பார்த்து ஏங்குகிற நண்பர்களிடம் நான் சொல்வது: அவர் அங்கேயே இருந்தார். நாம் பத்து சனிக்கிழமை போனோம்.

சரி, நாம் எடுக்காவிட்டால் போகட்டும், நம் ஊரில் பதின்வயதினரை உண்மையிலேயே ஆவணப்படுத்துகிறவர்கள் யார்? ஃப்ளெக்ஸ் கடைக்காரர்கள்.

இதைக் கிண்டலாகச் சொல்லவில்லை. ஒரு சிறுநகரப் பெண்ணின் பதின்பருவத்தில் கூலி கொடுத்து ஒரு போட்டோகிராபரை வரவழைத்து எடுக்கிற ஒரே நிகழ்ச்சி பெரும்பாலும் மஞ்சள் நீராட்டு விழாதான். ஆல்பம், வீடியோ, வசதி இருந்தால் ட்ரோன். பிறகு பஸ் ஸ்டாண்டு எதிரில் பத்தடி பேனர். நடுவில் அவள், சுற்றிலும் தாய்மாமன்கள், மேலே கட்சித் தலைவரோ சாதித் தலைவரோ. பன்னிரண்டு, பதிமூன்று வயசுப் பிள்ளை. அவளுடைய உடம்பில் நடந்த ஒன்றை ஊருக்கே அறிவிக்கிற அந்தப் படத்துக்கு யாரும் அவளிடம் கேட்கவில்லை.

அதே பெண் ரெண்டு வருஷம் கழித்து மொபைல் கைக்கு வந்ததும் வாட்ஸ்அப்பில் தன் முகத்தை டிபியாக வைக்கக் கூடாது. ரோஜாப்பூ வைக்கலாம், யாரோ ஒரு குழந்தையின் படம் வைக்கலாம், முருகன் வைக்கலாம். முகம் வைத்தால் அண்ணன் அடிப்பான், மாமா கேட்பார், எவனாவது மார்ஃப் பண்ணிவிடுவான். 2019இல் பொள்ளாச்சி வழக்கு வெளியே வந்தபோது பல வீடுகளில் அப்பாக்கள் முதலில் செய்தது மகளின் மொபைலை வாங்கி வைத்ததுதான். 2025 மே மாதம் அந்த வழக்கில் ஒன்பது பேருக்கும் சாகும்வரை சிறை என்று தீர்ப்பு வந்தது; வாங்கி வைத்த மொபைல்கள் திரும்பி வந்தனவா என்று தெரியவில்லை. பயம் நியாயமானது, மறுக்கவில்லை. ஆனால் பேனரில் பத்தடி இருந்த முகம் டிபியில் ஒரு அங்குலம் இருக்கக் கூடாது என்றால், அந்த முகம் யாருடையது?

எங்கள் பயிலரங்கிலும் பெண்கள் முகத்தை மறைத்தே எடுத்தார்கள். மொபைலால், நோட்டால், ஒருவர் முகத்தை இன்னொருவர் கையால். நாங்கள் அதைக் 'கூச்சம்' என்று எழுதிவைத்தோம். கூச்சமெல்லாம் இல்லை. அது தேர்ச்சி. எந்த அளவு தெரியலாம், எங்கே வெட்டினால் தான் யார் என்று தோழிக்கு மட்டும் புரியும் என்று அவர்களுக்கு நன்றாகத் தெரியும். ஃப்ரேம் பற்றி நான் எடுத்த வகுப்பைவிட அது பெரிய பாடம்.

பையன்களுக்கும் பேனர் உண்டு. கோயில் கொடையில், வரிசை வரிசையாக, கூலிங் கிளாஸ் போட்ட சின்னச் சின்னத் தலைகளாக. இன்னொரு பேனரும் உண்டு, அதில் அவன் தனியாக இருப்பான். பைக்கில் போனவன். இன்ஸ்டாகிராமிலிருந்து எடுத்த படம், பைக்கை வெட்டிவிட்டு, பின்னால் மேகம் ஒட்டி, கீழே 'கண்ணீர் அஞ்சலி', நண்பர்களின் குழுப்பெயர். தென்மாவட்டச் சாலைகளில் பஸ்ஸில் போகும்போது எண்ணத் தொடங்கிப் பாதியில் நிறுத்தியிருக்கிறேன். யோசித்துப் பார்த்தால், ஒரு பதினேழு வயசுப் பையன் தானே எடுத்து, தானே தேர்ந்தெடுத்த படத்தை நம் ஊர் பெரிதாக அச்சடிப்பது அந்த ஒரு சந்தர்ப்பத்தில்தான்.

அவர்களே எடுப்பதெல்லாம் உன்னதம் என்று நான் சொல்லவருவதாக நினைத்துவிடாதீர்கள். ஒதுக்கிய படங்களில் ஒன்றை இன்னும் சொல்லவில்லை. பெஞ்சின் மேல் வரிசையாக நீட்டிய ஆறு கைகள். மேலிருந்து எடுத்தது. ஆறு மணிக்கட்டிலும் கயிறு. நாலு ஒரு நிறம், ரெண்டு வேறு நிறம். என்ன நிறம் என்று எழுதப்போவதில்லை. அந்தப் பக்கத்துக்காரர்களுக்குச் சொல்லத் தேவையில்லை, மற்றவர்களுக்குத் தெரிய வேண்டிய அவசியமில்லை. எடுத்தவன் சிரித்துக்கொண்டே காட்டினான். விளையாட்டா, மிரட்டலா, நட்பா, எனக்குப் புரியவில்லை. "பிரச்சனை வேணாம் சார், எடுத்துருங்க" என்றார் ஏற்பாட்டாளர். எடுத்துவிட்டோம். அந்த இடத்தில் ஒரு ஆட்டுக்குட்டிப் படத்தை மாட்டினோம்.

அடுத்த வருஷம், 2023 ஆகஸ்டில், நாங்குநேரியில் பட்டியல் சாதியைச் சேர்ந்த பன்னிரண்டாம் வகுப்பு மாணவரையும் அவர் தங்கையையும் வீடு புகுந்து வெட்டியது கூடப் படித்த பிள்ளைகள். அதன் பிறகு அரசு அமைத்த நீதிபதி சந்துருவின் ஒருநபர் குழு 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. மாணவர்கள் கையில் வண்ணக் கயிறு, மோதிரம், நெற்றியில் அடையாளம் எதுவும் இருக்கக் கூடாது என்பது அதன் பரிந்துரைகளில் ஒன்று. கயிற்றை அரசாங்கம் பார்த்துவிட்டது. அந்தப் பையன் அதற்கு முன்பே படமெடுத்துக் கொடுத்திருந்தான். பதின்பருவத்தின் அன்றாடத்தை ஆவணப்படுத்த வந்த நான் ஆட்டுக்குட்டியை மாட்டியவன்.

அந்தப் படத்தைச் சுவரில் மாட்டியிருக்க வேண்டுமா? இதை நிறைய நாள் யோசித்தேன். மாட்டியிருக்கக் கூடாது என்றே இப்போதும் நினைக்கிறேன். ஆறு கைகளையும் அந்த ஊரில் யார் யாருடையது என்று ஐந்து நிமிஷத்தில் கண்டுபிடித்திருப்பார்கள். ஆனால் மாட்டாமல் இருப்பது வேறு, அது இல்லவே இல்லை என்பதுபோல் நடந்துகொள்வது வேறு. ஆவணம் என்றால் உடனே கண்காட்சி, உடனே போஸ்ட், உடனே லைக் என்று நமக்குப் பழகிவிட்டது. பூட்டி வைக்கிற ஆவணமும் உண்டு. தேதி போட்டு, எடுத்தவன் வாயால் நாலு வரி எழுதி வாங்கி, முப்பது வருஷம் கழித்து அவர்களே திறக்கட்டும் என்று வைக்கலாம். அந்தப் பையனிடம் 'ஏன் இதை எடுத்தே' என்றுகூட நான் கேட்கவில்லையே.

சம்மதம் பற்றியும் ஒரு வார்த்தை. இந்தியச் சட்டங்களில் 18 வயதுக்குக் கீழே இருப்பவர் குழந்தை. 2023இல் வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் குழந்தையின் தரவைக் கையாளப் பெற்றோர் ஒப்புதல் வேண்டும் என்கிறது. நாங்கள் பெற்றோரிடம் படிவத்தில் கையெழுத்து வாங்கினோம், எல்லாம் முறைப்படி. பேனர் வைக்கிற பெற்றோரிடம்! சட்டத்துக்கு அது போதும். எனக்குப் போதாது என்று அப்போது தெரிந்திருக்க வேண்டும். பதினாறு வயதுப் பெண்ணுக்குத் தன் படம் எங்கே போகிறது என்று புரியாதா? என்னைவிட நன்றாகப் புரியும்.

இவ்வளவு சொன்ன பிறகும் ஒருவர் கேட்பார்: "அதான் அவங்களே இருபத்துநாலு மணி நேரமும் எடுத்துக்கறாங்களே, இனி யாரு ஆவணப்படுத்தணும்?" எடுக்கிறார்கள். இருக்கிறதா? இன்ஸ்டாகிராம் ஸ்டோரி 24 மணி நேரத்தில் போய்விடும், அது அப்படிச் செய்யப்பட்டதே அதற்காகத்தான். கூகுள் போட்டோஸ் 2021 ஜூன் 1ஆம் தேதியிலிருந்து கணக்கற்ற இலவசச் சேமிப்பை நிறுத்தியது. 15 ஜிபி நிறைந்ததும் எதை அழிப்பது என்று அந்தப் பிள்ளை உட்கார்ந்து யோசிக்க வேண்டும். மொபைல் தண்ணீரில் விழும், அப்பா கோபத்தில் உடைப்பார், அண்ணன் வாங்கிக்கொண்டு ரீசெட் அடிப்பான், ஜிமெயில் பாஸ்வேர்டு மறந்துபோகும்.

டிக்டாக்கை நினைத்துப் பாருங்கள். 2020 ஜூன் 29ஆம் தேதி தடை. தமிழ்நாட்டின் சின்னச் சின்ன ஊர்களில், வயல் வரப்பில், மொட்டை மாடியில், தையல் கம்பெனி விடுதி அறையில், இதற்கு முன் எந்தக் கேமராவும் திரும்பிப் பார்க்காத பிள்ளைகள் ஆடியும் அழுதும் டயலாக் பேசியும் எடுத்துவைத்த வீடியோக்கள். அசடு வழிந்ததும் உண்டு, ஆபாசமும் உண்டு, கயிறு கட்டிய கையோடு சாதிப் பாட்டுக்கு மீசை முறுக்கியதும் உண்டு. நம் காலத்தின் பதின்பருவத்துக்கு அதைவிடப் பெரிய ஆவணம் தமிழில் இருந்ததில்லை. சில நாளில் இந்தியாவில் செயலி திறக்கவில்லை. மொபைலில் சேமித்து வைத்தவர்களுக்கு இருக்கிறது, மற்றவர்களுக்குப் போயிற்று. நாம் என்ன செய்தோம்? 'விட்டது சனி' என்று மீம் போட்டோம். ஒரு நூலகம் எரிந்தால் நாற்பது வருஷம் கழித்தும் எழுதுகிற நாம்தான். இரண்டும் ஒன்றல்ல என்று தெரியும், கோபத்தில் சொல்கிறேன்.

ஆகவே புகைப்படக்கார நண்பர்களே, அடுத்த தடவை ஒரு பள்ளிக்கூட வாசலில் கேமராவோடு நிற்கும்போது அந்த சைக்கிளை விட்டுவிடுங்கள். பயிலரங்கு நடத்துகிறீர்களா, முதல் நாள் உங்கள் படங்களைக் காட்டாதீர்கள். அவர்கள் மொபைலில் ஏற்கெனவே இருப்பதைக் காட்டச் சொல்லுங்கள், காட்ட விரும்பினால். தேர்ந்தெடுக்கிற அறையில் அவர்கள் இருக்கட்டும், நீங்கள் டீ வாங்கிவரப் போங்கள். எல்லாம் செல்ஃபியாகத்தான் வரும் என்றால் வரட்டும். நாற்பது செல்ஃபி மாட்டிய சுவரை நான் இதுவரை பார்த்ததில்லை. ஆட்டுக்குட்டி மாட்டிய சுவரைப் பார்த்துவிட்டேன்.

போன வருஷம் அந்த ஹார்ட் டிஸ்கை பீரோவிலிருந்து எடுத்தேன். ஆயிரத்துச் சொச்சம் படங்கள் என்னிடம் இருக்கின்றன, எடுத்தவர்களிடம் இல்லை. பயிலரங்கின் பழைய வாட்ஸ்அப் குழுவில் பாதி நம்பர்கள் மாறியிருந்தன. கிடைத்தவர்களைக் கூப்பிட்டேன். ஒருவன் திருப்பூரில் இருக்கிறான், ரெண்டு பேர் நர்சிங் படிக்கிறார்கள், ஒருத்திக்குக் கல்யாணம் ஆகிவிட்டது. ஒவ்வொருவருக்கும் அவரவர் படங்களைத் தனி ஃபோல்டராக அனுப்பினேன். எதை வைத்திருக்கலாம், எதை அழிக்கலாம் என்று அவர்கள் சொல்ல வேண்டும். கயிற்றுப் படம் எடுத்தவன் "அத அழிச்சிருங்க சார்" என்றான், வேறெதுவும் சொல்லவில்லை. முப்பது வருஷம் பூட்டி வைக்கிற என் யோசனையை அவனிடம் சொல்லிப் பார்த்தேன். "வேணாம் சார்." அழித்துவிட்டேன். கை கொஞ்சம் தயங்கியது.

விறகடுப்புப் பெண் ரெண்டு நாள் கழித்துக் கூப்பிட்டாள். அந்தப் பெரிய படம் வேண்டாமாம். "அம்மா சிலிண்டர் மாத்துற படம் ஒண்ணு இருக்கும் சார், அத மட்டும் பிரிண்ட் போட்டு அனுப்புங்க."

எடுத்திருந்தாளா? தேடினேன். இருந்தது, விறகடுப்புப் படத்துக்கு மூன்று நாள் முன்னால் எடுத்தது. ஃபோகஸ் சுத்தமாக இல்லை. அம்மா நைட்டியின் மேல் துண்டு போட்டுக்கொண்டு, ஒரு கையால் ரெகுலேட்டரைப் பிடித்தபடி, இன்னொரு கையை 'எடுக்காதடி' என்று கேமராவை நோக்கி நீட்டிச் சிரிக்கிறார். அந்தக் கை பாதிப் படத்தை மறைக்கிறது. மேடை மேல் மிக்ஸி, காலண்டர், சார்ஜில் கிடக்கும் ஒரு மொபைல். நான் எழுதிவைத்த தேர்வுப் பட்டியலைத் திறந்து பார்த்தேன். அந்தப் படத்தின் எண்ணுக்கு நேராக என் கையெழுத்தில் 'வேண்டாம்' என்று இருந்தது.

ஸ்டுடியோவில் ரெண்டு பிரிண்ட் போட்டேன். ஒன்றை அவளுக்குத் தபாலில் அனுப்பினேன். இன்னொன்றை வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டிருக்கிறேன். அம்மாவிடம் கேட்டுச் சொல்வதாகச் சொல்லியிருக்கிறாள்.